நாள் குறிப்பவர் யார்?

ஒரு நூலை எழுதுவது அரிய செயல். ‘இனித் திருத்த வேண்டா, அச்சுக்கு அனுப்பலாம்’ என்று முடிவு செய்வதோ அதனினும் அரிய செயல். தனி ஒருவர் எழுதும் நூலுக்கே இந்நிலை என்றால், பல நாடுகளில் இருந்துகொண்டு, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, ஊதியமின்றிப் பல நூறு பேர் சேர்ந்து உருவாக்கும் ஒரு பெரும்படைப்புக்கு முற்றுப்புள்ளி வைப்பவர் யார்? அங்கே கட்டளையிட முதலாளி இல்லை. பிடித்தம் செய்யச் சம்பளமும் இல்லை. அத்தகைய அமைப்பு ஒன்றில் இக்கேள்வியின் பொருட்டு எழுந்த பூசல்களின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

அவ்வமைப்பின் பெயர் டெபியன். அமெரிக்க நாட்டுப் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் மர்டாக் என்பவர் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இதனைத் தொடங்கினார். கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய லினக்ஸையும், அதனோடு பயன்படும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் ஒன்றோடொன்று முரணாதவாறு இணைத்து, எவரும் விலையின்றிப் பெறும்படி வழங்குவதே இதன் பணி. ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டி ஒருவரோ சிலரோ பேணி வருவர். அப்பொதிகள் அனைத்தையும் ஒரு நிலையில் நிறுத்தி, ‘இது நம்பத்தக்க பதிப்பு’ என்று உலகுக்கு அறிவிப்பதே வெளியீடு எனப்படும்.

இதற்கெனத் தனியே வெளியீட்டுப் பொறுப்பாளர் உண்டு. குறித்த ஒரு நாளில், ‘இனிப் புதியன சேர்ப்பதில்லை, உள்ள பிழைகளைக் களைவதே வேலை’ என்று அவர் கதவைச் சாத்துவார். அதனை உறைநிலை என்பர். பெரும்பிழை உடைய பொதியைப் பதிப்பிலிருந்து நீக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால், அப்பிழையைத் திருத்துமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை அவருக்கு இல்லை. இதனை மனத்திற்கொண்டால் பின்வரும் பூசல்கள் எளிதில் விளங்கும்.

2002 ஜூலை 19-இல் ‘வுடி’ என்னும் பெயருடன் 3.0 பதிப்பு வெளிவந்தது. அடுத்த பதிப்பாகிய ‘சார்ஜ்’ வெளிவர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. அதற்குள் உலகம் வெகுதூரம் நடந்துவிட்டது. புதிதாக வாங்கிய கணிப்பொறியின் உறுப்புகள் சிலவற்றைப் பழைய பதிப்பு அறிந்துகொள்ளாது, பயன்படுத்துவோர் அல்லலுற்றனர்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. 2004 ஏப்ரலில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தம் கொள்கை ஆவணத்தின் சொற்களைத் திருத்தினர். புதிய சொற்களின்படி நிரல்கள் மட்டுமன்றி, அவற்றுடன் வரும் விளக்க நூல்களும் கட்டற்ற உரிமை உடையனவாதல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. அப்போது வெளியீட்டுப் பொறுப்பாளராக இருந்த ஆன்டனி டவுன்ஸ், ‘அவ்வாறாயின் சார்ஜை இப்போதைக்கு வெளியிட இயலாது’ என்று கருதினார். சொல்லைத் திருத்தியவர்களுள் பலர் இவ்விளைவை எதிர்பார்த்திலர். சில மாதங்களில் மீண்டும் வாக்கெடுத்து, சார்ஜ் வெளிவரும்வரை அத்திருத்தத்தை ஒத்திவைத்தனர்.

2005 மார்ச்சில் மற்றொரு பூசல் மூண்டது. பதினொரு வகைக் கணிப்பொறிகளுக்குப் பதிப்பை ஒருசேர ஆயத்தம் செய்வதே பெருஞ்சுமை என்று கண்ட பொறுப்பாளர்கள், கனடாவின் வான்கூவர் நகரிற் கூடி, வருங்காலத்தில் நான்கு வகைகளுக்கு மட்டுமே முழு வெளியீடு என்னும் திட்டத்தை வகுத்தனர். எஞ்சிய வகைகளைப் பேணியவர்கள் கொதித்தெழுந்தனர். அருகிய ஒரு கணிப்பொறிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு, தம்மைக் கேளாமல் தம் உழைப்பை வெளியே நிறுத்திவிட்டனர் என்ற எண்ணமே பெரும்புண்ணாயிற்று. இறுதியில், 2005 ஜூன் 6-இல் சார்ஜ் பதினொரு வகைகளுக்கும் வெளிவந்தது.

இதனிடையே டெபியனையே அடித்தளமாகக் கொண்டு உபுண்டு என்னும் தொகுப்பு 2004 அக்டோபரில் தோன்றியது. முன்னர் டெபியனிற் பணியாற்றியவரும் தென்னாப்பிரிக்கச் செல்வருமாகிய மார்க் ஷட்டில்வொர்த் ஊதியம் கொடுத்து ஆட்களை அமர்த்தினார். ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பு என்பது அவர்கள் முறை. ஊதியம் பெற்றோருக்கும் நாள் தவறுவது உண்டு: 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு ஜூன் 1-இல்தான் வந்தது. ஆயினும், ‘அவர்களால் இயல்வது நம்மால் இயலாதா?’ என்ற ஏக்கம் டெபியன் அன்பர்களிடையே பிறந்தது.

அவ்வேக்கத்தின் விளைவே 2006-ஆம் ஆண்டின் பெரும்பூசல். முன்னர்ச் சொன்ன ஆன்டனி டவுன்ஸ் அப்போது அமைப்பின் தலைவராக இருந்தார். வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவரும் ஆளுக்கு ஒரு திங்கள் முழுநேரமும் உழைத்தால், அடுத்த பதிப்பாகிய ‘எட்ச்’ டிசம்பர் 4-இல் வெளிவரும் என்று எதிர்பார்த்தனர். அவ்விருவருக்கும் பொருள் திரட்டித் தருவதற்காக, அமைப்புக்கு வெளியே ‘டங்க்-டேங்க்’ என்னும் முயற்சியை அவரும் வேறு சிலரும் தொடங்கினர்.

ஆதரித்தவர் கூற்று எளியது: ‘வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை செய்துகொண்டு இரவில் கண்விழித்து இப்பணியைச் செய்பவருக்கு ஒரு திங்கள் ஓய்வு வாங்கித் தருகிறோம். அமைப்பின் நிதியை நாம் தொடவில்லையே!’ எதிர்த்தவர் கூற்றோ ஆழமானது: ‘நேற்றுவரை நாம் அனைவரும் சமம். இன்று ஒருவர் உழைப்புக்கு விலை வைத்தீர்கள். எனின், ஏனையோர் உழைப்பின் மதிப்பு என்ன?’ எதிர்ப்பாளர் சிலர் தம் பணிகளிற் சிலவற்றைக் கைவிட்டனர். வேறு சிலர் ‘டங்க்-பேங்க்’ என்று எள்ளற்பெயர் சூட்டி, பதிப்பில் மேலும் மேலும் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்வதையே எதிர்ப்பாக்கினர். பிழை காண்பதும் தொண்டே அன்றோ? அவர்களைக் குறை கூறவும் வழியில்லை! தலைவரைப் பதவியினின்று நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. ஆனால் டிசம்பர் 4 வந்தது, பதிப்பு வரவில்லை. 2007 ஏப்ரல் 8-இல்தான் எட்ச் வெளிவந்தது. தாமதத்துக்குப் பூசல் ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. எனினும், பணத்தால் நாளை வாங்கிவிட முடியவில்லை என்பது வெளிப்படை.

2009 ஜூலையில், ஸ்பெயின் நாட்டின் காசெரஸ் நகரில் நடந்த ஆண்டு மாநாட்டின்போது, பொறுப்பாளர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் உறைநிலை என்றும், முதல் உறைநிலை அவ்வாண்டு டிசம்பரிலேயே என்றும் அறிவித்தனர். முந்தைய பதிப்பு வெளிவந்ததோ அவ்வாண்டு பிப்ரவரியில். கலந்து பேசாமல் முடிவெடுத்தனர் என்றும், உபுண்டுவின் வசதிக்காகவே இவ்வேற்பாடு என்றும் கண்டனங்கள் எழுந்தன. சில நாள்களுக்குள் பொறுப்பாளர்கள் அந்நாளைக் கைவிட்டு, மறு ஆய்வுக்கு இசைந்தனர். உறைநிலை 2010 ஆகஸ்டில் வந்தது. பதிப்பு 2011 பிப்ரவரி 6-இல் வந்தது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே எண்ணிப் பார்க்கத்தக்கது. கட்டளையாக வந்தபோது மறுக்கப்பட்ட அதே ஏற்பாடு, முன்கூட்டியே அறிவித்துக் கருத்துக் கேட்டபோது வழக்கமாக நிலைபெற்றுவிட்டது. உறைநிலைக்கு மட்டும் நெடுநாள் முன்பே நாள் குறிப்பர். வெளியீட்டுக்கோ பெரும்பிழைகள் நீங்கிய பின்னரே நாள் குறிப்பர். 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 என ஈராண்டுக்கு ஒரு பதிப்பு தவறாது வந்திருக்கிறது. ஊதியத்தாலும் ஆணையாலும் கைகூடாதது இணக்கத்தால் கைகூடிற்று.

இப்பூசல்களை வீண் சச்சரவு என்று தள்ளிவிடுதல் தகாது. இவற்றின் ஒரு பக்கத்தில் நின்றது தொண்டு செய்வோரின் தன்மதிப்பு. மறுபக்கத்தில் நின்றது பதிப்புக்காகக் காத்திருந்த, முகந்தெரியாத மக்களின் தேவை. இரண்டும் அறத்தின்பாற்பட்டவை, ஆதலினாலேயே பூசல் கடுமையாயிற்று. சங்கமோ நூல்நிலையமோ விழாக்குழுவோ நடத்துகின்றவர்கள் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம். தொண்டர்க்கு நாள் குறிக்கலாம். ஆனால் அந்நாளைக் குறிக்கும்போது அவர்களும் உடனிருத்தல் வேண்டும்.