பசி எடுக்க சிரப் கொடுக்கலாமா? வாங்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பிள்ளை சோறே தின்ன மாட்டேங்குறான், பசி எடுக்க ஏதாவது டானிக் குடுங்க."

மெடிக்கல் ஷாப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சித்தூர் தாலுகாவில் நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை பக்கமும் இதே பேச்சுதான், இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களிலும் இதேதான். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். நிறம் ஆரஞ்சு, ருசி இனிப்பு, மேலே சிரிக்கிற குழந்தையின் படம். அதை 'டானிக்' என்று நம்பி வாங்குகிறோம். பல நேரம் அது டானிக்கே கிடையாது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

லேபிளைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'சைப்ரோஹெப்டாடின்' என்ற பெயர் பெரும்பாலும் இருக்கும். பிராக்டின், சிப்லாக்டின் போன்ற பெயர்களில் மாத்திரையாகவும் சிரப்பாகவும் விற்கிறார்கள். லைசின், பி வைட்டமின்கள் சேர்த்தும் வருகிறது. வைட்டமின் சேர்ந்திருப்பதால் அது சத்து மருந்து ஆகிவிடாது.

சைப்ரோஹெப்டாடின் அடிப்படையில் ஓர் அலர்ஜி மருந்து. தும்மல், அரிப்பு, தடிப்புக்காக வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்குப் பசி கூடி எடை ஏறுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1962-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. 'வயிறு நிறைந்துவிட்டது, போதும்' என்று மூளைக்குச் சொல்லும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. 'போதும்' என்ற சேதி சரியாகப் போய்ச் சேராததால் பசி தோன்றுகிறது. அதாவது, அலர்ஜி மருந்தின் பக்கவிளைவைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அமெரிக்காவில் பசியைத் தூண்டுவதற்கென்று இதற்கு அனுமதி கிடையாது.

அப்படியானால் டாக்டர்கள் எழுதுவதே இல்லையா? எழுதுகிறார்கள். நாள்பட்ட நோயால் எடை குறைந்த குழந்தைகள், ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோகிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் என்று சிலருக்கு இது உதவும். காரணத்தைப் பார்த்து, எடையைக் குறித்து வைத்து, ஒரு காலக்கெடு போட்டுக் கொடுப்பார்கள். தொடர்ந்து குடித்தால் இதன் பலன் மங்கிவிடும் என்பதால், சிலருக்கு நடுவில் இடைவெளி விட்டுக் கொடுப்பதும் உண்டு. சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் கொடுப்பதுதான் பிரச்சினை.

யாருக்குக் கொடுக்கவே கூடாது?

பச்சிளங்குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் கூடாது. 2 வயதுக்குக் கீழே இது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கூடாது. கண் அழுத்த நோயில் ஒரு வகை, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் அடைப்பு, குடல் சுருங்கிய அல்சர் இருப்பவர்கள் தொடக்கூடாது. தளர்ந்துபோன முதியவர்களுக்கும் வேண்டாம். நம் வீடுகளில் 'அப்பா சாப்பிடறதே இல்ல, பேரனோட சிரப்பையே ரெண்டு மூடி ஊத்திக் குடு' என்பது சாதாரணமாக நடக்கிறது. 70 வயதுக்காரருக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிரப் குடித்த இரவே சிறுநீர் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரலாம். மயக்கத்தில் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு.

எல்லோருக்கும் பொதுவாக வருவது தூக்கம்தான். வகுப்பில் பிள்ளை தூங்கி வழிந்தால் டீச்சரைக் குறை சொல்லும் முன் சிரப்பை நினைத்துப் பாருங்கள். இதைக் குடித்துவிட்டு பைக் ஓட்டுவது, தேங்காய் பறிக்க மரம் ஏறுவது, டிராக்டர் எடுப்பது எல்லாம் ஆபத்து. கள்ளோ சாராயமோ சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். தூக்க மாத்திரையோடும் அதே கதைதான். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். செரட்டோனினை வைத்து வேலை செய்யும் மாத்திரைகளின் பலனை இது குறைத்துவிடலாம். சில பழைய வகை மனச்சோர்வு மருந்துகளோடு சேரவே கூடாது. அபூர்வமாக ஈரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பாட்டில் இனிப்பாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். குழந்தை தானாக எடுத்து மொத்தமாகக் குடித்தால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வெறிபிடித்தாற்போல் துள்ளுவது, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவுக்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியில் எம்.எல். கோடு பார்த்து ஊற்றுங்கள். ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு ரெட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

கேரளாவில் சீட்டு கேட்கிறார்கள், பொள்ளாச்சியில் வாங்கலாமா?

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து அது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அதன் பிறகு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று கேரள சுகாதாரத் துறை கடைகளுக்கு உத்தரவிட்டது.

கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. செக்போஸ்ட்டைத் தாண்டியதால் மருந்து மாறிவிடாது. மருந்துச் சட்டமும் மத்தியச் சட்டம்தான், ரெண்டு பக்கமும் ஒன்றே. எங்கே வாங்கினாலும் பில், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றையும் பாருங்கள். பின்னால் ஏதாவது ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால், உங்கள் வீட்டில் இருப்பது அதுதானா என்று கண்டுபிடிக்க பேட்ச் எண்தான் வழி.

பசி மருந்துகளுக்கு அனுமதி கொடுத்த விதத்திலேயே கேள்வி எழுந்ததும் உண்டு. பக்லிசின் என்ற இன்னொரு அலர்ஜி மருந்தை இந்தியாவில் பசி மருந்தாக விற்க அனுமதி தந்ததை, 2012 மே மாதம் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59-வது அறிக்கை கடுமையாகக் கேள்வி கேட்டது. 'கவர்மென்ட் அனுமதிச்ச மருந்துதானே' என்பது மட்டும் போதுமான சமாதானம் ஆகாது.

குண்டாக வேண்டும் என்று குடிப்பவர்கள்

இந்தியாவில் தயாரான 'அபெட்டமின்' என்ற சைப்ரோஹெப்டாடின் சிரப் பிரிட்டனில் அனுமதி இல்லாமலே விற்றது. இடுப்பும் தொடையும் எடுப்பாகும் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடியது. 2021-ல் பிபிசி இதை அம்பலப்படுத்தியது. மருத்துவ அதிகாரிகள் அந்தக் கணக்குகளை நீக்கக் கேட்டார்கள். அமெரிக்க மருந்துத் துறையும் எச்சரிக்கை விட்டது. எந்த மருந்தும் 'இந்த இடத்தில் மட்டும் சதை போடு' என்று உத்தரவு போட்டு வேலை செய்யாது. எடை ஏறினாலும், நிறுத்தியதும் பலருக்கு இறங்கிவிடும்.

இதைவிட மோசமானது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை 'சதை போடும் மாத்திரை' என்று சொல்லி விற்கிறார்கள். பெயரே இல்லாத பாக்கெட் பொடிகளிலும், 'நாட்டு மருந்து' என்று வரும் சில லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. அகோரப் பசி, முகம் பூரி மாதிரி உப்புவது, வயிற்றில் சிவப்புக் கோடு, பழைய மூட்டு வலிகூட மாயமாய்ப் போவது... ஒரு பொடியில் இவ்வளவும் நடந்தால் சந்தேகப்படுங்கள். ஏறுவது தசை அல்ல, கொழுப்பும் நீரும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும், குழந்தைகளுக்கு உயரம் நின்றுபோகும்.

ஒன்று முக்கியம். இப்படி ஒரு மருந்தை வாரக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடல் தானே சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சப் பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

வீட்டில் வைக்கும் சீரகத் தண்ணீர், இஞ்சித் துவையல், ஓமம் இவற்றில் எந்தத் தகராறும் இல்லை. அஷ்டசூரணம் வாங்கினால் பெயரும் லைசென்ஸ் எண்ணும் உள்ளதாக வாங்குங்கள்.

பசி ஏன் போனது?

குழந்தை விஷயத்தில் பாதிப் பிரச்சினை நம் கணக்கில்தான் இருக்கிறது. பிறந்த எடை ஒரே வருஷத்தில் மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வருஷத்துக்கு 2 முதல் 2.5 கிலோதான் ஏறும். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையும், அது இயல்பு. அங்கன்வாடி அட்டையில் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், தட்டில் மிச்சம் வைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோதான் டாக்டரைப் பார்க்கவேண்டும். நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டும் உள்ளே போனால் மதியம் சோறு இறங்காது. ரத்தசோகை, குடல்புழு, வாய்ப்புண், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று காரணங்கள் வேறும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து இருக்கிறது.

பெரியவர்களுக்குப் பசி போய், எடையும் இறங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. பசி சிரப் குடித்தால் நாலு நாள் நன்றாகச் சாப்பிடுவார், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், நோய் உள்ளே வளரும். நம் பக்கம் உயிர் போகும் வழிகளில் இது ஒன்று என்பேன். சிகிச்சையோடு சேர்ந்த சாப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜார்க்கண்ட் சாட்சி. அங்கே காசநோயாளி வீடுகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தினருக்கு நோய் பரவுவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சிகிச்சையில் இருக்கும்போது மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது. கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு, புற்றுநோய் எல்லாமே பசியைத் தின்னும். புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்களுக்குப் பசி மருந்தில் நல்ல சேதி புதுச்சேரி ஜிப்மரிலிருந்து வந்திருக்கிறது. ஓலன்சபின் என்ற மனநோய் மருந்தை மிகக் குறைந்த அளவில், தினம் 2.5 மில்லிகிராம், 12 வாரம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் அப்படி ஏறியது. 2023-ல் வந்த இந்த முடிவை உலக அளவிலும் ஏற்றுக்கொண்டார்கள். இதையும் புற்றுநோய் டாக்டர் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

பசி இல்லாததும் சாப்பாடு இல்லாததும் வேறு. இதே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மாரின் ரத்தசோகையும் எடை குறைந்த பிரசவங்களும்தான் பேச்சானது. அங்கே சிரப்பால் ஆகக்கூடியது எதுவும் இருக்கவில்லை. ஊர்களில் சமுதாயச் சமையலறை தொடங்கிச் சோறு போட்டார்கள்.

டாக்டரிடம் என்ன கேட்க?

எதற்காக இந்த மருந்து, எத்தனை நாள், எப்போது எடை பார்க்க வரவேண்டும், ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேருமா. இந்த நாலும் போதும். பழைய சீட்டையும் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். மலையாளத்தில் சொல்ல வரவில்லை என்றால் தமிழிலேயே கேளுங்கள். சித்தூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் புதிது அல்ல. ராத்திரி நேரத்தில் சந்தேகம் வந்தால் கேரளாவில் 'திஷா' உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104. குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு திணறினாலோ 108.