'பிரிடெண்ட்' என்னும் ஆங்கில வினையும் போர்த்துக்கீசியப் பெயர்ப்பும்

'பிரிடெண்ட்' என்னும் ஆங்கில வினை இன்று பெரும்பாலும் பாசாங்கு செய்தலையே குறிக்கிறது. வடிவால் அதனை ஒத்த போர்த்துக்கீசிய வினையாகிய 'பிரெத்தெந்தேர்' என்பதற்கோ, ஒன்றைச் செய்யக் கருதுதல் என்பது பொருள். இரண்டும் 'முன்னே நீட்டுதல்' எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் வினையின் வழிவந்தவை. ஆகவே ஆங்கில வினையை 'ஃபின்ஷீர்' (நடித்தல்) என்றே பெயர்க்க வேண்டும் என மொழிபெயர்ப்பு மாணவருக்குக் கற்பிக்கப்படுகிறது. இவ்விதி இக்கால உரைநடைக்குப் பொருந்தும்; பழைய ஆவணங்களில் இடர் விளைவிக்கும்.

கருதுதல் என்ற பொருள் முற்கால ஆங்கிலத்திலும் இருந்து பின்னர் வழக்கொழிந்தது. உரிமை கோருதல் என்ற பொருள் நெடுங்காலம் நிலைத்தது. 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சட்டம், சட்டங்களை நிறுத்திவைக்கும் அரசரின் அதிகாரத்தை இவ்வினையின் எச்சத்தால் அடைகொடுத்துச் சுட்டுகிறது. இரண்டாம் ஜேம்ஸ் 1687இல் அவ்வதிகாரத்தை உண்மையாகவே செலுத்தினார், அவர் நடிக்கவில்லை. இல்லாதது அதற்கான உரிமையே. எனவே இங்கு 'நடிப்பு' எனப் பெயர்ப்பது வரலாற்றுப் பிழையாகும். 'கோரப்படும், ஆயின் ஏற்கப்படாத' என்னும் பொருளுடைய 'பிரெத்தென்சு' என்ற பெயரடையே பொருந்தும்.

அவ்வரசரின் மகன் ஜேம்ஸ் பிரான்சிஸ் எட்வர்டை (1688-1766) எதிர்க்கட்சியினர் 'பிரிடெண்டர்' என்றனர். அரியணைக்கு உரிமை கோருபவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் அவர் அரசியின் வயிற்றுப் பிள்ளையல்லர், படுக்கையைச் சூடாக்கும் கனற்சட்டியில் மறைத்துக் கொண்டுவரப்பட்டவர் என்ற வதந்தி பரவியிருந்தது. அதனைக் கேட்டவர் செவியில் 'போலி' என்ற பொருளும் உடன் ஒலித்தது. போர்த்துக்கீசியத்தில் வழங்கும் 'பிரெத்தெந்தெந்தெ' என்ற பெயர் முதற்பொருளை மட்டுமே தரும், வசை உதிர்ந்துவிடுகிறது. 1580இல் போர்த்துகலின் அரியணைக்குப் போட்டியிட்ட கிராத்து மடத்தலைவர் அந்தோனியோவும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறார். அவர் முறைப்படி மணந்த தாய்க்குப் பிறந்தவரல்லர் என்பது எதிர்த்தரப்பின் முதன்மையான வாதம். எனினும் சொல்லில் இழிவு ஏறவில்லை.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. பெர்னாந்து பெசோவா 1932இல் வெளியிட்ட 'அவுத்தோப்சிகோகிராஃபியா' கவிதை, கவிஞனை 'ஃபின்ஷிதோர்' என்கிறது. அதன் இலத்தீன் வேர் களிமண்ணை உருவாக்குதலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அதனைப் 'பிரிடெண்டர்' என்றால் அரியணைப் போட்டியின் வாடை வரும். புனையும் கைத்தொழிலும் மறையும். அதே வேரிலிருந்து பிறந்த 'ஃபெயின்' என்ற வினை, வழக்கு அருகியதாயினும், அவ்விடத்திற்கு அணுக்கமானது.