ஐய வினாவிலிருந்து அறிவு வினாவுக்கு: கோல்ஃப் விதிகளின் கதை

நன்னூலார் வினாவை ஆறு வகைப்படுத்துகிறார். விடையை அறிந்த ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவு வினா. இதுவோ அதுவோ என்று தெளிவின்றிக் கேட்பது ஐய வினா. இலக்கண வகுப்பில் ஒப்பித்துவிட்டு மறந்துபோன இப்பகுப்பை, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் சந்திக்க நேர்கிறது. கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டத்தின் விதிநூலே அது. அந்நூல் பெரும்பாலும் ஐய வினாக்களால் வளர்ந்தது. இன்று பெரும்பாலும் அறிவு வினாக்களால் கற்கப்படுகிறது.

கிரிக்கெட்டில் மட்டையாளர் விதிகளை அரைகுறையாக அறிந்திருந்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. விரலை உயர்த்த நடுவர் இருக்கிறார். கோல்ஃபில் நிலைமை வேறு. நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்த புல்வெளியில் ஆட்டக்காரர்கள் சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் கிடப்பார்கள். பெரிய போட்டிகளை விட்டால் நடுவரைக் காண்பது அரிது. பந்து புதரில் விழுந்தால் அடுத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். தவறினால் தமக்குத் தாமே தண்டமும் விதித்துக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் தம் பந்து சிறிது அசைந்ததாகக் கூறித் தமக்கே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். பிறர் எவர் கண்ணிலும் அது படவில்லை. முடிவில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலையில் நின்று, முடிவுகாண் ஆட்டத்தில் தோற்றார். சட்டத்தை அறியாத ஒருவர் இவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமா என்ன? நேர்மைக்கும் விதியறிவு வேண்டியிருக்கிறது.

இவ்விதிகளுள் நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 1744ஆம் ஆண்டினவை. எடின்பரோ நகரத்தார் ஒரு வெள்ளிக் கோலைப் பரிசாக அறிவித்தனர். நகரை அடுத்த லீத் என்னும் இடத்தில், ஐந்தே குழிகள் கொண்ட கடலோரப் புல்வெளியில் போட்டி நடந்தது. பல இடத்தாரும் வந்து ஆடுவதற்குப் பொது ஒழுங்கு ஒன்று தேவைப்பட்டது. பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. இன்று அவற்றைப் படிக்கும்போது நம் கண்முன் விரிவது விளையாட்டுத் திடலன்று, ஒரு பொதுமேய்ச்சல் நிலம். பந்தைக் குதிரையோ நாயோ மனிதரோ தடுத்துவிட்டால், கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும். பந்தடிக்க வசதியாகக் கற்களையும் எலும்புகளையும் அகற்றக்கூடாது. விலக்கு உண்டு என்றாலும் அது மிகக் குறுகியது. எலும்பு எப்படி வந்தது என்று விதி விளக்கவில்லை. படைவீரர்கள் வெட்டிய பள்ளத்துக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு நாள் நிகழ்ந்த ஒரு பிணக்கு இருந்திருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. எலும்பைக் காணாதவன் எலும்புக்கு விதி எழுதுவானா?

அப்போட்டியில் வென்றவர் ஜான் ராட்ரே என்னும் அறுவை மருத்துவர். விதிகளின் கீழ்க் கையெழுத்திட்டவரும் அவரே. மறு ஆண்டு, ஸ்டூவர்ட் அரச மரபினரான இளவரசர் சார்லஸ் எட்வர்ட் கலகக்கொடி உயர்த்தியபோது, ராட்ரே அவர் படைக்கு மருத்துவராகச் சென்றார். 1746இல் கல்லோடன் போரில் அப்படை அழிந்தது, மருத்துவர் சிறைப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசிக் காத்தவர் ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ். அவரும் லீத் புல்வெளியில் ஆடியவரே. அரசியலில் எதிரெதிர் அணியில் நின்றவர்களை ஒரு விளையாட்டு எப்படிப் பிணைத்திருக்கிறது பாருங்கள்!

1754இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக் கழகத்தார் ஏறத்தாழ அதே விதிகளை ஏற்றனர். பின்னர் ‘ஆர் அண்டு ஏ’ என்று பெயர் பெற்ற அக்கழகம் 1897இல் விதிகளுக்கெனத் தனிக்குழு அமைத்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் 1894இலேயே அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் தோன்றிவிட்டது. ஒரே ஆட்டத்துக்கு இரு அதிகாரங்கள். 1952இல்தான் இரண்டும் சேர்ந்து ஒரே விதித்தொகுப்பை வெளியிட்டன.

இதனினும் சுவையானது விதிக்கு எழுந்த உரையின் வரலாறு. எத்தனை விதி எழுதினாலும் மண்ணும் மரமும் விலங்கும் மனிதரும் அவற்றை மீறிய சூழல்களைப் படைத்துக்கொண்டே இருந்தன. கழகச் செயலாளர்கள் விதிக்குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் திடலில் இப்படி நேர்ந்தது, தீர்ப்பு என்ன? வந்த விடைகள் தீர்ப்புகளாகத் தொகுக்கப்பட்டன. காலப்போக்கில் இத்தொகுப்பு மூல விதிநூலைக் காட்டிலும் பன்மடங்கு பருத்தது. சிறிய நூற்பாவும் பெரிய உரையும் நமக்குப் புதியவை அல்லவே! உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை கூறும் முறையேதான் இதுவும். ஒரு வேறுபாடு: இங்கே தடைகள் கற்பனையில் எழவில்லை, கால்நடையாகச் சென்ற இடத்தில் எழுந்தன.

ஒரு சான்று காண்போம். மணற்பள்ளத்தில் விழுந்த பந்தின் முன்னே யாரோ பாதி கடித்துப் போட்ட பேரிக்காய் கிடக்கிறது. அருகில் பேரிமரமே இல்லை. அப்படியானால் அது மனிதர் போட்ட குப்பைதானே, எடுத்தெறியலாமா? எறியக்கூடாது என்றது தீர்ப்பு. பேரிக்காய் இயற்கைப் பொருள். கடித்தாலும் மரம் இல்லாவிட்டாலும் அதன் இயல்பு மாறாது. மணற்பள்ளத்தில் கிடக்கும் இயற்கைப் பொருளைத் தொட்டு அகற்றுவது அன்றைய விதிப்படி குற்றம். பாம்பைப் பற்றிய தீர்ப்பும் உண்டு. உயிருள்ள பாம்பு ஆட்டத்துக்குப் புறம்பான ஓர் உயிர். செத்த பாம்பு அகற்றத்தக்க சருகு போன்றது. நச்சுப்பாம்பின் அருகே பந்து கிடந்தால், உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. தண்டமின்றி வேறிடத்திலிருந்து ஆடலாம்.

இந்தத் தீர்ப்புகளே வினாடி வினாக்களின் கரு. கோல்ஃப் இதழ்களிலும் கழக அறிவிப்புப் பலகைகளிலும் தொடங்கி, ‘ஆர் அண்டு ஏ’ நிறுவனம் இணையவழியில் நடத்தும் பாடமும் தேர்வும் வரை, கேள்வியின் அமைப்பு ஒன்றே: ஒரு சூழல், மூன்று நான்கு விடைகள். விதிநூலை முதலிலிருந்து படிப்போர் சிலரே. படித்தாலும் நெஞ்சில் நிற்பதில்லை. பேரிக்காய் நிற்கிறது. தவறாக விடையளித்தவருக்கு அது இன்னும் நன்றாக நிற்கிறது.

தவறான விடையின் விலையைத் திடலில் கொடுத்தவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள், அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோவுக்கு நாற்பத்தைந்தாம் பிறந்தநாள். பதினேழாம் குழியை அவர் மூன்று அடியில் முடித்தார். உடன் ஆடியவர் அட்டையில் நான்கு என்று குறித்தார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் தகுதிநீக்கம். கூடுதலாக எழுதினால் எழுதியதே நிலைக்கும். ஒரே ஓர் அடியில் பட்டம் பாப் கோல்பியிடம் போயிற்று. இல்லையேல் இருவரும் சமநிலையில் நின்றிருப்பர்.

2010இல் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் திடலில் நடந்த பி.ஜி.ஏ. போட்டியில் டஸ்டின் ஜான்சன் கடைசிக் குழியில் ஓர் அடி முன்னணியில் இருந்தார். கூட்டம் மிதித்த வெற்று மணல் என்று எண்ணிப் பந்தின் பின்னே மட்டையைத் தரையில் ஊன்றினார். அது மணற்பள்ளம். திடலிலுள்ள மணற்பள்ளம் எல்லாமே மணற்பள்ளமாகவே கருதப்படும் என்ற அறிவிப்பு, உடைமாற்றும் அறையில் முன்பே ஒட்டப்பட்டிருந்தது. இரண்டடி தண்டம், முடிவுகாண் ஆட்டத்தில் இடம்கூட இல்லை. வினாத்தாளில் நாம் நொடியில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் வினாத்தாளில் ‘மணற்பள்ளம்’ என்று அச்சிட்டிருக்கும். திடலில் அச்சிட்டிருக்காது.

2019இல் விதிகள் பெருந்திருத்தம் கண்டன. முப்பத்துநான்கு விதிகள் இருபத்துநான்காயின. காணாமற்போன பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகச் சுருங்கியது. பந்தை நழுவவிடும் முறையும் மாறியது. 1984 வரை தோளுக்குப் பின்னாக, பிறகு தோளுயரத்திலிருந்து, இப்போது முழங்கால் உயரத்திலிருந்து. ஆட்டக்காரரை முன்னிலையில் விளித்துப் பேசும் எளிய பதிப்பும் உடன் வந்தது. மணற்பள்ளத்தில் கிடக்கும் இயற்கைப் பொருள்களை அகற்றலாம் என்பதும் அத்திருத்தத்தில் ஒன்று. எனவே பழைய வினாத்தொகுப்புகளை வைத்துப் பயில்வோர் பேரிக்காய்க் கேள்விக்குத் தவறான விடையையே கற்பார்கள். பேரிக்காய் இன்றும் இயற்கைப் பொருள்தான். எடுத்தெறியலாம், பந்து அசையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.