பேச்சொலியின் மீடிறன் மாற்றமும் செவிப்புலன் ஆய்வும்

செவிப்புலன் குன்றியோர்க்கு ஒலியை உரப்பிக் கொடுத்தலே போதுமென்ற கருத்து நெடுங்காலம் நிலவிவந்தது. ஆயின் உட்செவியில் உயர்ந்த ஒலிகளை உணரும் பகுதி பெரிதும் சிதைந்தவிடத்து, எத்துணை உரத்த ஒலியும் போதிய பயன் தருவதில்லை. செக்கனொன்றில் நிகழும் அதிர்வுகளின் தொகையே மீடிறன் எனப்படும். 'ஸ்' போன்ற உரசொலிகளின் ஆற்றலிற் பெரும்பங்கு 4000 அதிர்வுகளுக்கு மேலேயே அமைகின்றது. அவ்வொலி கேளாத ஆங்கிலக் குழந்தைக்குப் பெயர்ச்சொற்களின் பன்மை விகுதியே கேளாதொழியும். கேளாத ஒலியைக் கேட்கும் எல்லைக்குள் இறக்கினாலென்ன என்னும் வினா இவ்விடத்தேதான் எழுகின்றது.

ஒலிப்பதிவை அரைவேகத்தில் ஓடவிடின் மீடிறன்கள் யாவும் பாதியாகும்; ஆனாற் பேச்சின் காலமோ இரட்டிக்கும். இத்தகைய பேச்சு உரையாடலுக்கு உதவாது. இவ்விரண்டையும் பிரிக்கும் வழியை, இங்கிலாந்திற் பணியாற்றிய டெனிஸ் கபோர் 1946இல் ஆராய்ந்தார். செய்தித்தொடர்பிற் சிக்கனமே அவரது நோக்கமாயிருந்தது. 1954இல் இல்லினோய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராண்ட் ஃபெயர்பாங்ஸ் குழுவினர், சுழலும் ஒலித்தலைகள் கொண்ட நாடாக் கருவியொன்றை விவரித்தனர். அது பேச்சின் சிறுசிறு துணுக்குகளை விடுத்து எஞ்சியவற்றை இணைத்தது. அங்ஙனம் குறுகிய பேச்சை மெதுவாக ஓடவிடின், காலம் பழைய அளவுக்கு மீள, மீடிறன் மட்டும் தாழும். இதனால் விளக்கம் காலத்தைச் சார்ந்ததா, மீடிறனைச் சார்ந்ததா என்பதைத் தனித்தனியே சோதித்தல் இயல்வதாயிற்று.

எவ்வாறு இறக்குவது என்பது அடுத்த சிக்கலாகும். உயிரொலிகளை இனங்காண்பதில் அவற்றின் ஒத்ததிர்வுகளுக்கிடையேயான விகிதத்திற்கு முக்கிய பங்குண்டு. எல்லா மீடிறன்களையும் ஒரே விகிதத்திற் குறைப்பின் அவ்வுறவு நிலைக்கும். ஒரே தொகையைக் கழிப்பின் அது குலையும். 1950களின் இறுதியிற் சுவீடனைச் சேர்ந்த பேர்ட்டில் ஜொஹான்சன் வேறொரு வழியை நாடினார். பேச்சு முழுவதையும் மாற்றாது, உயர்ந்த பகுதியை மட்டும் தாழ்ந்த பகுதிக்குக் கொணர்ந்து சேர்த்தார். எனினும், இறக்கப்பட்ட ஒலி அங்கு முன்னரேயுள்ள ஒலிகளை மறைத்துவிடும் இடரும் உடன்வந்தது. பின்னர் நிகழ்ந்த மதிப்பீடுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. 2000ஆம் ஆண்டின் பின்னர் வந்த இலக்கமுறைக் கருவிகள் சில, தாழ்ந்த பகுதியை உள்ளவாறே விடுத்து, குறித்தவோர் எல்லைக்கு மேற்பட்டதை மட்டும் சுருக்கும் முறையைக் கைக்கொண்டன.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. கேட்கச் செய்தல் வேறு. விளங்கச் செய்தல் வேறு. இடம்பெயர்ந்த 'ஸ்' ஒலி, கேட்போனுக்குப் புதியதோர் ஒலியே. அதனைப் பழகிக்கொள்ள அவனுக்குக் காலமும் பயிற்சியும் வேண்டும். கருவி ஒலியைச் செவிவரை கொணரலாம். அதனைச் சொல்லாக்குவது கேட்போனின் மனமேயாகும்.