கொல்கத்தாவின் சமதளமும் ஓட்ட நேரமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில், ஹூக்ளி ஆற்றின் வண்டல் சமவெளியில் அமைந்த நகரம் கொல்கத்தா. ஓட்டக்காரருக்கு இந்தச் சமதளம் எளிதில் கிடைக்காத வசதி. நகரின் மைதான் திடலை ஒட்டிய ரெட் ரோடு, இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் ஓடுதளமாகவே பயன்பட்டது. அதன் நேரான, மேடுபள்ளமற்ற அமைப்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கே 2014 டிசம்பரில் 25 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி தொடங்கியது. மாதத் தேர்வும் தற்செயலன்று. கோடையின் புழுக்கம் நீங்கி, அதிகாலை வெப்பம் 15 டிகிரியை ஒட்டி நிற்கும் காலம் அது. குளிர்காலப் புகைமூட்டம் மட்டுமே குறை. அது சிறிய குறையுமல்ல.

ஆயினும் 2023இல் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 விநாடியில் ஓடி முடித்தார். டெனிஸ் கிமெட்டோ 2012இல் பெர்லினில் எடுத்த, அதுவரை உலகின் சிறந்ததாக இருந்த நேரத்தைவிட இது 5 விநாடி குறைவு. அதே நாளில் எத்தியோப்பியாவின் சுதுமே கெபெடே 1:18:47இல் ஓடி, பெண்களுக்கான உலகின் சிறந்த நேரத்தையும் மாற்றினார்.

இறக்கமான தடமும் வேகம் தரும். ஆனால் உலகச் சாதனைக்கான விதி, கிலோமீட்டருக்குச் சராசரியாக 1 மீட்டருக்கு மேல் இறக்கத்தை ஏற்பதில்லை. 2011இல் பாஸ்டன் மாரத்தானில் ஜெஃப்ரி முத்தாய் எடுத்த 2:03:02 சாதனைப் பட்டியலில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். கொல்கத்தாவின் வேகம் இறக்கத்தால் வந்ததன்று.