வீட்டில் 'க', சர்ச்சில் 'த': சமோவாவின் 'கெட்ட' பேச்சு

சமோவா மொழியில 'தெய்னே'ன்னா பொண்ணு. அதே பொண்ணு வீட்டுப் பேச்சுல 'கெய்ஙே'. 'த' இருந்தா 'க', 'ன' இருந்தா 'ங'. முதல்ல கேட்டப்போ வேற மொழியோன்னு நெனச்சேன்.

1830-ல லண்டன் மிஷனரி சொசைட்டியின் ஜான் வில்லியம்ஸ் அங்கே போய் இறங்கினார். 1855-ல முழு பைபிளும் சமோவா மொழியில் தயார். 1862-ல ஜார்ஜ் ப்ராட்டின் இலக்கணமும் அகராதியும் அச்சாச்சு. எல்லாத்துலயும் 'த' தான். அந்த நூற்றாண்டுலயே பேச்சு 'க' பக்கம் நகர ஆரம்பிச்சுது. எழுத்து நகரவே இல்லை.

அதனால சர்ச்சும் பள்ளிக்கூடமும் ரேடியோவும் பேசறது 'தௌதலா லெலெய்', அதாவது நல்ல பேச்சு. அம்மா பேசறது 'தௌதலா லெயாஙா'. நேரடி அர்த்தம், கெட்ட பேச்சு! அம்மா பேச்சுக்கு இப்படி ஒரு பேரா?

ஆனா கூத்து இங்கதான். கிராம சபையான 'ஃபோனோ'வுல 'மாதாய்'ங்கற குடும்பத் தலைவர்கள், மரியாதைச் சொல்லா அடுக்கி சடங்குப் பேச்சு பேசுவாங்க இல்லையா, அதுவும் இந்தக் 'கெட்ட' உச்சரிப்புலதான்! வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தா சட்டுனு 'த'வுக்கு மாறிடுவாங்க. புத்தகம் வெச்சு சமோவன் கத்துக்கிட்டுப் போறவருக்கு, பக்கத்து மேசைல என்ன பேசறாங்கன்னே புரியாது.