கடைசிச் சொல் யாருடையது? உரிமையாளர் – பயிற்சியாளர் பூசலும் திருவனந்தபுரத்துக் கால்பந்தும்

முன்னுரை

கால்பந்து கிளப்பின் உரிமையாளருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் மூளும் பூசலைப் பத்திரிகைகள் பெரும்பாலும் நாடகமாகவே எழுதுகின்றன. பணத்திமிர் பிடித்த முதலாளி ஒருவர், ரோஷக்காரக் கோச் ஒருவர் இருந்தால் போதும். கதை தானாக நடக்கும். இக்கட்டுரை அந்தப் பார்வையை ஏற்கவில்லை. வீரரை எடுப்பது, அணியைக் களமிறக்குவது, தோல்விக்கு விலை கொடுப்பது ஆகிய மூன்றிலும் கடைசிச் சொல் யாருடையது என்பதை எழுதிவைக்காத நிர்வாக முறையே பூசலின் வேர் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம். இதைச் சோதிக்கத் திருவனந்தபுரம் பொருத்தமான இடம். உரிமையாளர் என்று ஒருவர் இல்லாமலே பல பத்தாண்டுகள் கால்பந்து ஆடிய நகரம் அது. 2024 முதல் உரிமையாளர்களைக் கொண்ட அணியும் அங்கு ஆடுகிறது.

முகமில்லாத உரிமையாளர்

திருவனந்தபுரத்தின் பழைய அணிகள் அலுவலக அணிகள். டிராவன்கூர் டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், ஏஜீஸ் (தலைமைக் கணக்காயர்) அலுவலகம், கேரள போலீஸ் என்று ஜெர்சியில் இருந்த பெயர்கள் எல்லாம் சம்பளப் பட்டியலின் பெயர்கள். வீரர் காலையில் பயிற்சிக்குப் போனார், பிறகு மேசைக்கோ காவல் முகாமுக்கோ திரும்பினார். பதவி உயர்வைப் பணிவிதிகள் தீர்மானித்தன. இடது விங்கரை ஏன் உட்காரவைத்தீர்கள் என்று கேட்கும் முதலாளி அங்கே இல்லை.

இந்த முறையின் உச்சம் கேரள போலீஸ் அணி. 1984இல் உருவான அந்த அணியில் வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், ஷறஃப் அலி, குரிகேஷ் மாத்யூ போன்றோர் சேர்ந்தார்கள். 1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஃபெடரேஷன் கோப்பை அவர்களிடம் வந்தது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் கோவாவின் அணிகளும் ஆண்ட களத்தில் ஒரு அரசுத் துறையின் அணி இதைச் சாதித்தது. ஆனால் 1991இலேயே விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் கல்கத்தா சென்றார். பிற்காலத்தில் சென்னை இந்தியன் வங்கிக்கு வந்தார். சந்தை கூப்பிட்டபோது துறையின் கையில் அதற்கு ஈடான பதில் இல்லை.

பயிற்சியாளரின் நிலையை இங்கு கூர்ந்து பார்க்க வேண்டும். அவரும் அதே துறையின் ஊழியர்தான். தோற்றால் வேலை போகாது. பழைய நாற்காலி காத்திருக்கும். அது அவருடைய கவசம். அதே நேரத்தில், தனக்கு வேண்டிய ஸ்டாப்பர் பேக்கை அவர் எடுத்துவிட முடியாது. காலியிடம் வர வேண்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அறிவிப்பு வர வேண்டும், கோப்பு நகர வேண்டும். அணி மேலாளர் என்ற பெயரில் உடன் வருபவர் பதவியில் அவருக்கு மூத்தவராக இருப்பார். மைதானத்தில் விசில் கோச்சின் வாயில். வெளியே வந்தால் சல்யூட் மேலாளருக்கு. கடைசிச் சொல் உரிமையாளரிடமும் இல்லை, பயிற்சியாளரிடமும் இல்லை, கோப்பில் இருந்தது. கோப்போடு யாரும் சண்டை போட முடியாது. பூசல் இல்லாததற்குக் காரணம் அதுதான். அந்த நிர்வாகம் சிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. தேசிய லீக் வரை போன ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் அணியின் பெயர் மறைந்ததும் எந்த ஆட்டத்திலும் தோற்றதால் அல்ல. 2017 ஏப்ரல் 1இல் வங்கியே பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது.

கோச் இல்லாத ஆட்டம்

அதே கேரளத்தின் வடக்கே, மலப்புறம் பக்கம், இதற்கு நேர் எதிரான ஒரு முறை உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் மூங்கில் கேலரி கட்டி, அணிக்கு எழுவராக ஆடும் ‘செவன்ஸ்’ கால்பந்தில் அணியின் மேனேஜரே எல்லாம். ஆளைப் பிடிப்பவர், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசுபவர், யார் இறங்குவது என்று சொல்பவர், இரவில் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் ஒருவரே. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வீரர்களை வரவழைப்பதும் அவர்தான். தலைமைப் பயிற்சியாளர் என்று தனியாக ஒரு பதவி அங்கே வேர்விடவே இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பணமும் முடிவும் ஒரே கையில் இருந்தால் பூசல் இல்லை. இரண்டும் யார் கையிலும் இல்லாமல் விதியில் இருந்தாலும் பூசல் இல்லை. பணம் ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம் என்று பிரியும்போதுதான் அது தொடங்குகிறது. நவீன கிளப் என்பதே அந்தப் பிரிவினையின் மேல் எழுந்த அமைப்பு.

எழுதாத வாசகத்தின் விலை

பிரிவினையை வரையறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு வழக்குகள் தெளிவான சான்று. முதலாவது நியூகாசில். உரிமையாளர் மைக் ஆஷ்லி. மேலாளர் கெவின் கீகன். 2008இல் இக்னாசியோ கோன்சாலஸ் என்ற உருகுவே வீரரைக் கடனாக எடுக்கலாம் என்று நிர்வாகம் சொன்னது. அவரைப் பற்றித் தெரியாத கீகனிடம் யூடியூபில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கீகன் வேண்டாம் என்றார். ஆள் வந்துசேர்ந்தார், கீகன் விலகினார். அடுத்த ஆண்டு பிரீமியர் லீகின் நடுவர் குழு கீகன் பக்கம் தீர்ப்பளித்து, 20 லட்சம் பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது.

தொகையை விட முக்கியமானது குழு சென்ற வழி. வீரர் தேர்வில் மேலாளருக்கே இறுதி அதிகாரம் என்று கிளப் வெளியுலகுக்குச் சொல்லிவந்தது. விசாரணையில் அதெல்லாம் விளம்பரத்துக்காகச் சொன்னது என்று வாதிட்டது. ஒப்பந்தத்திலோ, அப்பதவிக்கு வழக்கமாக உரிய கடமைகள் என்ற பொதுச் சொல்தான் இருந்தது. எனவே வழக்கம் எது என்பதை நடுவர் குழு தேட வேண்டியதாயிற்று. ஒரு வரி எழுதியிருந்தால் தேவைப்படாத வழக்கு அது.

இரண்டாவது வழக்கின் உரிமையாளர்கள் இந்தியர்கள். கோழிப்பண்ணைத் தொழிலில் வளர்ந்த புனேயின் வெங்கீஸ் குழுமம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. ஒரு மாதத்துக்குள், அணி தரவரிசையின் நடுவில் இருக்கும்போதே, மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மே மாதம் அணி பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் வந்த ஹென்னிங் பெர்க் 57 நாளில் போனார். அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளில். பெர்க் ஒப்பந்தப் பாக்கிக்காக நீதிமன்றம் போனார். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் சொல்லிப் பார்த்தது. 2013இல் தீர்ப்பு பெர்க் பக்கம், 22.5 லட்சம் பவுண்டு.

இதை முதலாளியின் முன்கோபம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். உரிமையாளர் புனேயில், நிர்வாக இயக்குநர் ஓரிடத்தில், உலகளாவிய ஆலோசகர் என்ற பதவியில் இன்னொருவர், பயிற்சியாளர் மைதானத்தில். யார் யாருக்குக் கீழ் என்பது கிளப்புக்குள்ளேயே தெளிவாக இல்லை. தன் அதிகாரியின் கையெழுத்தையே மறுக்க ஒரு கிளப் துணிந்தது அதனால்தான்.

உரிமையாளரின் நியாயம்

எதிர்வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் போடுபவர் எப்படி வாய் திறக்காமல் இருப்பார்? கேரளத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1997இல் தொடங்கிய எஃப்.சி. கொச்சின், டி.கே. சாத்துண்ணியின் பயிற்சியில் அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளுக்குள் பண நெருக்கடியில் மூடப்பட்டது. கோப்பை கிளப்பைக் காப்பாற்றவில்லை. கணக்கைப் பார்க்கும் உரிமை, பயிற்சியாளரை நியமிக்கும் உரிமை, மாற்றும் உரிமை ஆகியவை உரிமையாளருடையவையே.

உரிமையாளர் ஆழமாக இறங்குவதே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் மேத்யூ பென்ஹம், வீரர் தேர்வில் புள்ளிவிவர ஆய்வுக்கு முதலிடம் தர விரும்பினார். மேலாளர் மார்க் வார்பர்டனுக்கு அந்த முறையில் உடன்பாடு ஏற்படவில்லை. பருவ முடிவில் அவர் விலகுவார் என்று 2015 பிப்ரவரியிலேயே கிளப் அறிவித்தது. அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்த நேரம், விமர்சனம் குவிந்தது. ஆனால் அதன்பின் வந்த பயிற்சியாளர்கள் தங்கள் எல்லையைத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். 2021இல் அணி பிரீமியர் லீகுக்கு ஏறியது. பென்ஹமின் கை வெங்கீஸின் கையைவிடச் சிறியது அல்ல. அந்தக் கை எங்கே வரும், எங்கே வராது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது; வேறுபாடு அதுதான்.

வள்ளுவர் ஆளைத் தேர்வதற்குத் தெரிந்து தெளிதல் என்றும், தேர்ந்தவரிடம் செயலை விடுவதற்குத் தெரிந்து வினையாடல் என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். இரண்டும் வெவ்வேறு திறன்கள் என்ற அறிவு அந்தப் பகுப்பில் இருக்கிறது. முதலாவதில் உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் துருவலாம். இரண்டாவதற்கு வந்தபிறகும் முதலாவதை நடத்திக்கொண்டிருப்பதைத்தான் தலையீடு என்கிறோம்.

கொச்சியின் பாடம்

திருவனந்தபுரத்துக்கு மிக அருகில் உள்ள சான்று கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ். இவான் வுகோமனோவிச் 2021இல் வந்து முதல் பருவத்திலேயே அணியை இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதிக்குக் கொண்டுபோனார். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நாக்-அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோல் என்று ஏற்க, வுகோமனோவிச் தன் அணியை மைதானத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. கிளப் லோசானில் உள்ள சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போயும் பயனில்லை. பயிற்சியாளருக்குக் கிளப்பே ஒரு கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது என்ற செய்தி அந்த வழக்கின் வழியாக வெளியே வந்தது. 2024 ஏப்ரலில் அவர் கிளப்பை விட்டுப் பிரிந்தார்.

வெளியேறும் முடிவு சரியா தவறா என்பது வேறு கேள்வி. கோடிகள் விலை உள்ள முடிவை ஒருவர் சில நிமிடங்களில் எடுக்க முடிந்தது. அந்த விலை யார் கணக்கில் என்பது பிறகுதான் தீர்மானிக்கப்பட்டது. கிளப் கடைசிச் சொல்லைத் தாமதமாகச் சொன்னது; அதுவும் அபராதச் சீட்டாகச் சொன்னது.

அடுத்து வந்த மிகேல் ஸ்டாரே 12 லீக் ஆட்டங்களில் மூன்று வெற்றியோடு 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் துறையின் தலைவரான விளையாட்டு இயக்குநர் தொடர்ந்தார். ‘மஞ்ஞப்பட’ ரசிகர்களின் கோபம் கோச்சைத் தாண்டி நிர்வாகத்தை நோக்கித் திரும்பியது. தோல்வியின் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் எழுதப்படுவதைக் கேலரியில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

பத்து ஆட்டப் பருவம்

2024 செப்டம்பரில் ஆறு அணிகளோடு சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. தலைநகரின் அணி திருவனந்தபுரம் கொம்பன்ஸ். களம் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். போலீஸ் அணியின் நினைவு படிந்த அந்த மைதானத்தில் தனியார் உரிமையாளர்களின் அணி இறங்கியது. முதல் பருவத்தில் ஆறு அணிகளுக்கும் வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளர்கள். கொம்பன்ஸுக்குப் பிரேசிலின் செர்ஜியோ அலெக்ஸாந்த்ரே. மலப்புறத்துக்கு, சென்னையின் எஃப்.சி.க்கு 2018இல் ஐ.எஸ்.எல். பட்டம் வாங்கித் தந்த ஜான் கிரிகரி. கொம்பன்ஸ் அரையிறுதி வரை போனது. இரண்டாம் பருவத்தில் பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மெக்அலூன்.

இந்த லீகில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். லீக் சுற்றில் ஓர் அணிக்குப் பத்து ஆட்டங்கள்தான். மூன்று தோல்வி என்றால் பருவத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பொறுமையான முதலாளிக்கும் கை துறுதுறுக்கும். தலையீட்டுக்கான அழுத்தம் யாருடைய குணத்துக்கும் முன்பே போட்டியின் நீளத்தில் அமைந்திருக்கிறது. எனவே பாதுகாப்பும் எழுத்தில் அமைய வேண்டும்.

சில வரிகள் போதும். செலவின் உச்சவரம்பு உரிமையாளருடையது. வீரர்களை முன்மொழிவது விளையாட்டு இயக்குநரின் வேலை. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பயிற்சியாளருக்கு. ஆடும் பதினொருவரும் மாற்று ஆட்களும் பயிற்சியாளருடைய முடிவு மட்டுமே. நீக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அதற்கான இழப்பீடு முதல் நாளிலேயே எண்ணில் எழுதப்பட வேண்டும். கிளப் உரிமம் வழங்கும் அமைப்புகள் பயிற்சியாளரிடம் தகுதிச் சான்றிதழ் கேட்கின்றன. இந்த வரிகளையும் அவை கேட்டால், கீகனுக்காக நடுவர் குழு தேடியதை இங்கே யாரும் தேட வேண்டியிருக்காது.

முடிவுரை

இந்தப் பூசலில் பயிற்சியாளரைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அவருக்கு வேறு ஊர் கிடைக்கும்; கவலை வீரர்களைப் பற்றியது. தலைநகரின் தெற்கே பொழியூரிலிருந்து எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை வரை மலையாளமும் தமிழும் கலந்த மீனவக் கிராமங்களில், கடல் மணலில் பந்து உதைத்து வளரும் பையன்களுக்கு ஒரு காலத்தில் கனவாக இருந்தது வங்கியின் அல்லது போலீஸின் நியமன ஆணை. கோச் யாராக இருந்தாலும் அந்த ஆணை ஓய்வூதியம் வரை செல்லும். இன்று அவர்களுக்குக் கிடைப்பது பருவத்துக்கான ஒப்பந்தம். பெரும்பாலும் தங்களைக் கண்டெடுத்த பயிற்சியாளர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அவர் நடுவழியில் அனுப்பப்பட்டால் அடுத்து வருபவர் தன் ஆட்களோடு வருவார். கோப்பின் காலத்தில் தாமதம் இருந்தது, ஆனால் வாக்கு இருந்தது. கடைசிச் சொல் யாருடையது என்று உரிமையாளரும் பயிற்சியாளரும் எழுதிக்கொள்ளும் தாளில் மூன்றாவது தரப்பாக நிற்பவன் இந்தப் பையன். அவன் கையெழுத்து அதில் இருக்காது. ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் முதலில் வேலை இழப்பவன் அவன்தான்.